ஐப்பசி பிறக்கிறது, போனைத் தயார் செய்யுங்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் கடலூரில் மூன்று வேலை நடக்கும். மொட்டைமாடி வடிகாலில் அடைத்திருக்கும் இலையை எடுப்பார்கள், மெழுகுவர்த்தி வாங்கி வைப்பார்கள், அப்புறம் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் யாராவது ஒருவர் ‘அப்டேட் என்ன?’ என்று கேட்பார். முதல் இரண்டையும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்றாவதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் மழைச் செய்தி என்றால் ரேடியோதான். ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி’ என்ற குரல் வந்ததும் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடலூர் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு அப்பா எழுந்து போய் மாட்டை அவிழ்ப்பார். அவ்வளவுதான் செய்தி. ‘எங்க தெருவுக்குத் தண்ணி வருமா?’ என்று அந்தக் குரலிடம் திருப்பிக் கேட்க முடியாது. இன்றைக்குக் கேட்கலாம். கூத்தப்பாக்கத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் பதில் சொல்வார், வானிலை ஆர்வலரின் சமூக ஊடகப் பக்கத்தில் ‘அண்ணா, பண்ருட்டிக்கு?’ என்று நூறு பேர் கேட்டால் அவரும் பத்துப் பேருக்காவது பதில் போடுவார். இதை நான் குறை சொல்லமாட்டேன், பெரிய வசதி. ஆனால் அப்போது வாசிக்க ஒருவர் இருந்தார், அவர் கைக்கு வருவதற்கு முன்பே அந்தத் தாளைச் சரிபார்க்க வேறு ஆள் இருந்தார். இப்போது வாசிப்பாளர்கள் குரூப்புக்கு 200 பேர், சரிபார்க்கிற நாற்காலியில் ஆளே இல்லை. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருவது எப்படி என்று பார்ப்போம்.

வானம் தெளிவாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டியவை சில இருக்கின்றன. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்துக்குப் போய் போட்டோ, வீடியோ தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். புயல் அன்று சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும், அதையும் யாரோ அனுப்பிய குட்மார்னிங் பூ தின்றுவிடக் கூடாது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தையும், அதிலேயே காரைக்கால், சென்னை ரேடார் படங்கள் வரும் பக்கத்தையும் முகப்புத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியில் முன்னறிவிப்பும் மழையளவும் அணை நிலவரமும் தமிழிலேயே கிடைக்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியில் நம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இந்த எண்களைப் போனில் சேமிப்பதோடு நிறுத்தாமல் சமையலறைச் சுவரிலும் எழுதுங்கள், போன் செத்துப்போனால் பக்கத்து வீட்டுப் போனில் அடிக்க வேண்டியிருக்கும். ஆட்சியர் அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கங்களையும் பின்தொடருங்கள். 2023-இல் ஒருநாள் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? அது பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே சமயத்தில் போகிற ஏற்பாடு, உங்கள் நம்பரே அதற்குத் தேவையில்லை. எரிச்சலில் அந்த எமர்ஜென்சி அலர்ட்டை அணைத்து வைத்தவர்கள் தயவுசெய்து மறுபடி போட்டுவிடுங்கள்.

சரி, இனி வார்த்தைகள். குரூப்பில் நடக்கும் சண்டையில் பாதி, வார்த்தை புரியாமல் வருவது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்பது தொடக்கம். அது வலுத்துக் காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால்தான் புயல், பெயர் வைப்பதும் அப்போதுதான். 89-க்கு மேல் போனால் தீவிரப் புயல். ‘தாழ்வு பகுதி உருவானது’ என்ற செய்தியை ‘புயல் உருவானது’ என்று மாற்றி அனுப்புகிறவர் பொய் சொல்ல நினைப்பதில்லை, அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதே நேரம், புயல் இல்லை என்பதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. கடலூர் மாவட்டத்தை நாசமாக்கிய 2015 நவம்பர் வெள்ளம் பெயர் வைத்த புயலால் வந்ததா என்ன? ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான்.

மழையில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. எல்லாம் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்குமான கணக்கு. ஆகவே, மதியம் ஒருவர் ‘10 செ.மீ.’ என்று எழுதினால் அது நேற்றைய கணக்கா, இன்று இதுவரை பெய்ததா என்று கேளுங்கள். ரெட் அலர்ட் என்றால் உங்கள் தெருவில் கட்டாயம் கொட்டும் என்று அர்த்தமில்லை. மாவட்டத்தில் எங்கோ அதிகனமழைக்கு வாய்ப்பிருக்கிறது, அதிகாரிகளும் நாமும் செயலில் இறங்க வேண்டும் என்று பொருள். ‘ரெட் அலர்ட்னாங்க, வெயில் அடிக்குது’ என்று மீம் போடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, போடட்டும்.

கூண்டு எண்கள் பாட்டிகளுக்குத் தெரிந்த அளவு பேரப்பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 1-ம் 2-ம் தொலைவில் கடலில் உருவாகியிருப்பதைச் சொல்பவை, 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பவை, 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 வந்தால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். ‘1-ஆம் எண் கூண்டு ஏற்றம், மக்கள் பீதி’ என்று முகப்புப் படம் வைக்கும் சேனலை என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஆற்றுக் கணக்கு. மழை நின்று வெயில் வந்த பிறகு வெள்ளம் வரும் ஊர் இது, ஏனென்றால் தென்பெண்ணை நம்மிடம் வந்துதான் கடலில் சேர்கிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.யைத் தாண்டிக் கொட்டியது. புயல் போய்விட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்டபோது, டிசம்பர் 2 அதிகாலையில் அதே ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், ஆற்றோர ஊர்கள் எல்லாம் தண்ணீரில் நின்றன. அங்கே திறந்த தண்ணீர் இங்கே வர மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிக்கணக்குதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம், அதனால்தான் அணைச் செய்தியில் நேரம் இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அலகையும் பாருங்கள். ‘அடி’ என்றால் நீர்மட்டம், ‘கன அடி’ என்றால் விநாடிக்கு எவ்வளவு ஓடுகிறது, ‘மில்லியன் கன அடி’ என்றால் எவ்வளவு தேங்கியிருக்கிறது. வீராணம் ஏரியின் முழு மட்டமே 47.50 அடி. ‘வீராணம் 47 அடியைத் தொட்டது’ என்பதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் 47 அடி தண்ணீர் வரப்போகிறது என்று ஒருவர் குரூப்பில் அழுதிருக்கிறார். சிரித்தோம். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அதுதான் தப்பு.

அடுத்து, கையில் வந்து விழும் ஃபார்வேர்டு. என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில், பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் பாயும் வீடியோ வந்தது. ‘ஆல்பேட்டை பாலம் மூழ்கியது’ என்று எழுதியிருந்தது, புதுச்சேரியிலிருந்து கடலூருக்குள் வரும் வழிப் பாலம் அது. நான் இரண்டு நொடிகூட யோசிக்காமல் ஸ்டேட்டஸில் வைத்தேன், நல்லது செய்கிற நினைப்பு. புதுச்சேரியில் வேலை முடித்துப் பஸ் ஏறிய சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுத் தவளக்குப்பத்தில் இறங்கி, தெரிந்தவர் கடைத் திண்ணையில் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கிய அதே பஸ் முக்கால் மணி நேரத்தில் கடலூர் வந்து சேர்ந்துவிட்டது. வீடியோவில் இருந்தது வேறு ஊர்ப் பாலம், வருடமும் வேறு. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் ‘வாங்க சேனல்காரரே, பாலம் சௌக்கியமா?’ என்றுதான் கேட்பார்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது இது. முதலில் மெசேஜின் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, அனுப்பியவருக்கே மூலம் தெரியாது. 2020-லிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், வாட்ஸ்அப்பே நம் கையைப் பிடித்து இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் போடுவது. வீடியோ என்றால் கடைப் பலகையோ பஸ் பலகையோ தெரியும் இடத்தில் நிறுத்தி எடுங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். லென்ஸில் ஒன்றும் வரவில்லை என்பதால் அது புதியது என்று ஆகிவிடாது, அதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது, இதுதான் எனக்கு எப்போதும் பலன் தந்தது, அந்த இடத்தில் இருக்கும் ஒருவருக்குப் போன் அடிப்பது. ஆல்பேட்டையில் எனக்குத் தெரிந்த டீக்கடை இருந்தது. ஒரு நிமிட வேலை, சித்தப்பா வீட்டில் தூங்கியிருப்பார்.

ஆடியோ மெசேஜ் வேறு வகை ஆபத்து. ‘நான் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன், யாருக்கும் சொல்லாதீங்க, நைட்டு பெருசா இருக்கு’ என்று பதறும் குரலுக்குப் பெயர் இருக்காது, தேதி இருக்காது, ஊர்கூட இருக்காது. போன வருடத்ததை இந்த வருடமும் ஓட்டலாம். பதற்றமான குரலைக் கேட்டால் நமக்கும் பதறும், பதறினால் விரல் தானாக ஃபார்வேர்டை அழுத்தும். நான் வைத்திருக்கும் விதி: பெயர் சொல்லாத குரலை என் போனோடு நிறுத்திவிடுவேன், விதிவிலக்கே கிடையாது, மாமியார் அனுப்பினாலும்.

சரியான எச்சரிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிக் கரையோர ஊர்களில் 1998 வாக்கில் மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கட்டுமரம் இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஃபேஸ்புக் பிறப்பதற்கு முந்தைய கதை இது. 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது, அங்கே டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு அழைத்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள், சனம் கரையை விட்டு ஓடிப் பிழைத்தது. அந்தச் செய்தியில் என்னென்ன இருந்தது பாருங்கள்: சொன்னவர் ஊருக்குத் தெரிந்தவர், அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதும் தெரியும், எந்த ஊருக்கு என்பது தெளிவு, என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டே வார்த்தை.

நீங்கள் அனுப்பும் மெசேஜையும் அந்த அச்சில் வார்த்தெடுங்கள். ‘செம மழை!!!’ என்பதால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை. ‘செம்மண்டலம், மாலை 4.10, இருபது நிமிடமாகப் பலத்த மழை, ரோட்டில் கணுக்கால் தண்ணீர், பைக் போகிறது, நான் நேரில் பார்த்தது’ என்று எழுதினால் வேலையிலிருந்து கிளம்புகிறவர் அதை வைத்து முடிவெடுப்பார். ‘பாலத்தில் தண்ணீர்’ என்று மட்டும் எழுதாதீர்கள், கெடிலம் ஆற்றில் அண்ணா பாலமா, கம்மியம்பேட்டை பாலமா? படம் எடுத்தால் தெரிந்த பலகையோ கோபுரமோ விழும்படி எடுங்கள். வீடியோவில் முதலில் உங்கள் குரலிலேயே தேதி, மணி, இடம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு, குரலை வெட்டுவது அவ்வளவு சுலபமில்லை. அடுத்த வருடம் யாரோ அதைப் புதிது என்று ஓட்டினாலும் உங்கள் குரலே காட்டிக்கொடுத்துவிடும். மீட்புக்கு ஆள் வேண்டும் என்றால் குரூப்பில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், முதலில் 1077, பிறகு குரூப். உதவி கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று அதே இடத்தில் எழுதுங்கள். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதே இல்லை. மீட்டெடுத்த குடும்பத்துக்கு மூன்று நாள் கழித்தும் படகு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தெரு குரூப்புக்கு நீங்கள் அட்மின் என்றால் உங்களுக்குத் தனி வேலை. புயல் நெருங்கும் இரவில் அட்மின் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிட்டு, அரட்டைக்கும் கேள்விக்கும் இன்னொரு குரூப் திறந்துவிடுங்கள். கோபப்படுவார்கள், ‘பெரிய கலெக்டரு’ என்பார்கள், விடுங்கள். கடைசி வானிலை அறிக்கையையும் முகாம் இடத்தையும் மேலே பின் செய்து வையுங்கள், 24 மணி நேரத்துக்கு என்று தேர்ந்தெடுத்தால் மறுநாள் தானாகவே போய்விடும். அறிக்கை மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஃபெஞ்சல் சமயத்தில் புயலாகாமலே கரை கடக்கும் என்று ஒருநாள் சொன்னார்கள், மறுநாளே அது புயலானது. அது பித்தலாட்டம் இல்லை, கடல் மேல் இருப்பதைக் கணிப்பது அப்படித்தான். பழைய அறிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவருக்குப் புதியதை அனுப்புங்கள், போதும். விண்டி மாதிரி வானிலைச் செயலியில் சிவப்பாகச் சுழல்வது கணினி போட்ட கணக்கு, இப்போது பெய்கிற மழையை ரேடாரில்தான் பார்க்க வேண்டும். எந்தப் படத்திலாவது நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் அக்கறையே இல்லை, நாளைக்கு லீவா என்பதுதான் ஒரே கேள்வி. இங்கே நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. புதுச்சேரி அரசு விடுமுறை விட்டால் அது எல்லையான முள்ளோடை வரைக்கும்தான், அதைத் தாண்டி இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடியில் கடலூர் ஆட்சியர் சொல்ல வேண்டும். வீடு இங்கே, பள்ளிக்கூடம் அங்கே என்று இருக்கும் குடும்பங்கள் ஏராளம், குரூப்பில் இரண்டு ஊர் அறிவிப்பும் கலந்து வரும். மாவட்டம், தேதி, பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்குமா, இந்த மூன்றையும் பாருங்கள். ஆட்சியரின் கமெண்ட் பெட்டியில் ‘சார் ப்ளீஸ் சார்’ என்று கெஞ்சுகிற வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பீதி சேனல் விஷயம். திட்டுவதற்காக உள்ளே போய் முழு வீடியோவையும் பார்த்தால், யூடியூப் கணக்கில் நீங்கள் அதன் ரசிகர். கமெண்டில் திட்டினாலும் அதுவும் அதற்குச் சாப்பாடு. மூன்று புள்ளியை அழுத்தி அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கொடுங்கள், பார்த்த வரலாற்றிலிருந்தும் அந்த வீடியோவை நீக்குங்கள். கொஞ்ச நாளில் குறையும். அம்மாவின் போனிலும் இதைச் செய்துகொடுங்கள், அவர்கள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் தப்பாக அனுப்பிவிடுவீர்கள். 15 நிமிடத்துக்குள் என்றால் நீங்கள் எழுதியதைத் திருத்தலாம், இரண்டு நாளுக்கும் சற்று மேல் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் மனதில் அது அப்படியே இருக்கும், பிறருக்கு அனுப்பியதும் போயே போய்விட்டது. அழித்த கையோடு ‘மதியம் 2 மணிக்கு நான் போட்ட பாலம் வீடியோ தப்பு, அது பழையது, பாலத்தில் பஸ் ஓடுகிறது, அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். நான் அன்று எழுதவில்லை, அழித்துவிட்டுச் சும்மா இருந்தேன், அதுதான் சித்தப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியாகக் கரண்ட். 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் மட்டும் சாயவில்லை, மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன, நாள்கணக்கில் இருட்டு. பவர் பேங்க்கை முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள். காற்று தொடங்கியதும் வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரி சேவரைப் போட்டு, டேட்டாவை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் திறங்கள். நெட் போகாதபோதும் பெரும்பாலும் எஸ்எம்எஸ் போகும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ‘நலம், மாடியில் இருக்கிறோம், காலை 6-க்குப் பேசுகிறேன்’ என்று அதில் ஒன்று தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விடிய விடிய அடித்து உங்கள் சார்ஜைத் தீர்த்துவிடுவார்கள். பரணில் அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் இறக்கித் துடையுங்கள், புதுச்சேரி வானொலி எடுக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். இரண்டு பேட்டரி செல் போதும். பழைய செல்லை உள்ளேயே விட்டிருப்பீர்கள், ஒழுகிப் பச்சை பூத்திருக்கும், உப்புத்தாளால் கம்பியைத் தேய்த்துவிட்டுப் புதிதைப் போடுங்கள்.